எட்டு நிமிஷத்துல ஒரு டாக்டர எடை போடுறது

டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு வைக்கிற ஆஸ்கிங்கிற (OSCE) செய்முறை எக்ஸாம திட்டாத மெடிக்கல் ஸ்டூடன்ட்ட நான் பாத்ததில்ல, திட்டாத எக்ஸாமினரையும் பாத்ததில்ல. ஸ்டூடன்ட்ட கேட்டா "இது டாக்டர் பரீட்சையா இல்ல நடிப்புப் பரீட்சையா"ன்னு கேப்பான், எக்ஸாமினர்ட்ட கேட்டா "காலையிலேர்ந்து ஒரே கேள்வி ஒரே பதில், காது புளிச்சுப் போச்சு"ம்பார். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேருமே ஒரு விஷயத்த விட்டுட்றாங்க, அதத்தான் இன்னிக்கு கொஞ்சம் நீளமா புலம்பப் போறேன். மெடிக்கல் டீச்சிங்ல இருக்கேன், வேலையில பாதி பசங்களுக்கு மார்க் போடுறதுலயே போயிடுது, அதனால புலம்ப உரிமை இருக்குன்னு நெனைக்கிறேன்.

இது என்னன்னு தெரியாதவங்களுக்காக சுருக்கமா. வரிசையா ரூம்கள், இல்லன்னா ஒரே ஹால்ல திரை போட்டு தடுத்திருப்பாங்க. ஒவ்வொன்னும் ஒரு ஸ்டேஷன். வாசல்ல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும், "இவருக்கு வயசு 45, நெஞ்சு வலின்னு வந்திருக்கார், ஹிஸ்டரி எடுக்கவும்" அப்படின்னு. பெல் அடிச்சா உள்ள போகணும், அஞ்சு நிமிஷமோ எட்டு நிமிஷமோ பத்து நிமிஷமோ, காலேஜுக்கு காலேஜ் மாறும், திரும்ப பெல் அடிச்சா பாதி வாக்கியத்துல இருந்தாலும் எந்திரிச்சு அடுத்த ரூமுக்கு ஓடணும். ஒரு ரூம்ல ஹிஸ்டரி, அதாவது நோயாளிட்ட என்ன பிரச்சனைன்னு கேட்டு தெரிஞ்சுக்கிறது, அடுத்ததுல வயித்த எக்ஸாமின் பண்ணனும், அடுத்ததுல பொம்மை கைல ஊசி போடணும், அதுக்கடுத்ததுல ஒருத்தர்ட்ட அவங்க அப்பாவுக்கு கேன்சர்னு சொல்லணும். எல்லா ஸ்டூடன்டும் அதே ரூம்கள், அதே கேஸ், அதே டைம். ஓரமா உக்காந்திருக்கிற எக்ஸாமினர் கைல ஒரு பேப்பர், இப்ப நெறைய இடத்துல டேப்லட், அதுல டிக் போட்டுகிட்டே இருப்பார்.

இத ஆரம்பிச்சு வச்சவர் ஸ்காட்லாந்துல டண்டீயில இருந்த ரொனால்ட் ஹார்டன், கூட இருந்தவங்களோட சேந்து 1975-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினார். அம்பது வருஷம் ஆச்சு, உலகம் பூரா பரவிடுச்சு. ஏன் இவ்வளவு வேகமா பரவுச்சுன்னு புரியணும்னா அதுக்கு முன்னாடி இருந்த லாங் கேஸ் தெரியணும்.

லாங் கேஸ்ல ஒரே ஒரு பேஷன்ட். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவரோட இருக்கலாம், பெரும்பாலும் யாரும் கூட இருந்து பாக்க மாட்டாங்க. அப்புறமா எக்ஸாமினர் வருவார், கண்டுபிடிச்சத நீ ஒப்பிக்கணும், அவர் குடைவார். இதுல அதிர்ஷ்டம்தான் ராஜா. பல தடவ எக்ஸாமுக்கு வந்து பழகின பேஷன்ட் கெடைச்சா அவரே "தம்பி, எனக்கு வால்வு ப்ராப்ளம், இந்தப் பக்கம் சாஞ்சு படுக்கச் சொல்லி கேட்டா நல்லா கேக்கும்"னு சொல்லிக் குடுத்துடுவார், பாஸ். பக்கத்து பெட்ல இருக்கிறவனுக்கு வாயே தெறக்காத, காது சரியா கேக்காத ஒருத்தர் மாட்டிப்பார், அவன் கதை கந்தல். எக்ஸாமினர் அன்னிக்கு வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருந்தா அது தனி. இதெல்லாம் கூட பரவாயில்ல, பெரிய ஓட்டை எதுன்னா, லிவர தொட்டுப் பாத்தானா இல்ல பழைய கேஸ் ஷீட்ட பாத்து எழுதினானான்னு யாருக்குமே தெரியாது. ப்ரெசன்டேஷன் நல்லா இருந்தா மார்க். இங்கிலீஷ் நல்லா பேசுறவனுக்கு ஸ்டெதாஸ்கோப்ப காதுல எந்தப் பக்கம் மாட்டணும்னு தெரியலன்னாலும் ஓடிடும்.

இன்னொன்னு, ஒரே கேஸ்ல நல்லா பண்ணினவன் அடுத்த கேஸ்லயும் நல்லா பண்ணுவான்னு ஒரு கேரண்டியும் கெடையாது. மூச்சுத் திணறல் கேஸ்ல புலியா இருக்கிறவன் மூட்டு வலி கேஸ்ல முழிப்பான். எழுபதுகள்லேர்ந்தே ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்ப வந்த விஷயம் இது. அதனால ஒருத்தர பத்தி தெரிஞ்சுக்கணும்னா ஒரு கேஸ்ல ஒரு மணி நேரம் பாக்குறத விட பல கேஸ்ல கொஞ்சம் கொஞ்சமா, பல பேர் பாக்குறதுதான் நம்பகமானது. ஆஸ்கியோட உண்மையான பலம் இங்கதான் இருக்கு. எல்லாரும் நெனைக்கிற மாதிரி அந்த டிக் போடுற பேப்பர்ல இல்ல.

சரி, பேஷன்ட்டுக்கு எங்க போறது? ஒரே நாள்ல நூறு பசங்க ஒரே நெஜ நோயாளியோட வயித்த அமுக்கினா அவர் என்ன ஆவார்? இதுக்கு விடை ஆஸ்கிக்கு முன்னாடியே வந்துடுச்சு. அமெரிக்காவுல ஹோவர்ட் பேரோஸ்னு ஒரு நியூராலஜிஸ்ட், 1960களோட ஆரம்பத்துல நல்லா இருக்கிற ஒரு ஆளுக்கு நோயாளி மாதிரி நடிக்கக் கத்துக் குடுத்து ஸ்டூடன்ட்ஸ எடை போட ஆரம்பிச்சார். முதல்ல நடிச்சது ஓவியர்களுக்கு மாடலா இருந்த ஒரு பொண்ணு. அப்ப அத பாத்து சிரிச்சவங்கதான் ஜாஸ்தி. இன்னிக்கு இவங்களுக்கு ஸ்டாண்டர்டைஸ்ட் பேஷன்ட்னு பேரு, நாங்க சுருக்கி எஸ்பி-ம்போம்.

பேரோஸ் தனக்கு இந்த யோசனை எப்படி வந்துச்சுன்னு சொன்ன கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு எக்ஸாம்ல நெஜமான நரம்பு நோயாளி ஒருத்தர பல பேர் எக்ஸாமின் பண்ணியிருக்காங்க. அதுல ஒரு டாக்டர் முரட்டுத்தனமா, மரியாதை இல்லாம நடந்துகிட்டார் போல. அப்புறமா அந்த நோயாளி பேரோஸ்ட்ட வந்து சொல்லியிருக்கார், அந்த ஆளுக்கு மட்டும் நான் என் பெபின்ஸ்கி சைன (உள்ளங்கால கீறினா பெருவிரல் மேல தூக்குற அறிகுறி) கால் மாத்திக் காட்டிட்டேன், உணர்ச்சி எங்க இருக்கு எங்க இல்லைங்கிறதையும் மாத்திச் சொல்லிட்டேன்னு. நோயாளி நெனைச்சா நோயவே மாத்திக் காட்ட முடியும்னு பேரோஸுக்குப் புரிஞ்சது அப்பதான். எனக்கு இதுல தெரியறது வேற: அன்னிக்கு அந்த டாக்டரோட கம்யூனிகேஷனுக்கு சரியா மார்க் போட்ட ஒரே ஆள் அந்த நோயாளிதான்.

இப்ப டிக் விஷயத்துக்கு வர்றேன். 

வயித்த எக்ஸாமின் பண்ற ஸ்டேஷன எடுத்துக்கோங்க. செக்லிஸ்ட்ல இப்படி இருக்கும்: கை கழுவினாரா, தன் பேரச் சொன்னாரா, அனுமதி கேட்டாரா, வலி இருக்கான்னு கேட்டாரா, ஒம்போது பகுதியையும் தொட்டாரா, மொதல்ல லேசா அப்புறம் அழுத்தி, லிவர், ஸ்ப்ளீன் (மண்ணீரல்), கிட்னி. ஒரு பையன் வருவான், வரிசை மாறாம எல்லாத்தையும் செய்வான். கை கழுவுற ஆக்‌ஷன் கூட காட்டுவான், "நான் என் கைகளைக் கழுவுகிறேன்"னு ரேடியோ செய்தி மாதிரி சொல்லிகிட்டே. "வலி இருக்கா"ன்னு கேப்பான், எஸ்பி "வலது பக்கம் கீழ லேசா இருக்குங்க"ன்னு சொல்லுவார், அவன் "ஓகே"ன்னு சொல்லிட்டு நேரா வலது பக்கம் கீழேர்ந்தே ஆரம்பிப்பான். கேட்டான், ஒரு டிக். தொட்டான், ஒரு டிக். வலிக்கிற எடத்த கடைசியா தொடணும்ங்கிறது அந்தப் பேப்பர்ல இல்ல. அமுக்கும்போது அவன் கண்ணு எங்க இருக்குன்னு பாத்தா தன் கை மேலயே இருக்கும். எஸ்பி மொகத்த சுளிப்பார், அவன் பாக்கவே இல்ல. அடுத்தவ வருவா, ரெண்டு ஐட்டத்த மறந்துடுவா, ஸ்ப்ளீன விட்டுடுவா, ஆனா கைய மொதல்ல தேச்சு சூடு பண்ணிப்பா, "எங்க வலிக்குதோ அத கடைசியா பாக்குறேன்மா"ம்பா, அமுக்குற ஒவ்வொரு தடவையும் கண்ணு பேஷன்ட் மொகத்துலயே இருக்கும். முடிச்சதும் துணிய இழுத்து மூடிவிட்டு அவங்க எந்திரிக்க ஒரு கை குடுப்பா. பேப்பர் கணக்குல பையனுக்கு ஜாஸ்தி, அவளுக்கு கம்மி.

உங்க வயித்த யார்ட்ட காட்டுவீங்க?

அவள் ஸ்ப்ளீன மறந்தது தப்புதான், அத நான் மழுப்பல. ஆனா அத ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துடலாம். மொகத்த பாக்காத பையனுக்கு சொல்லிக் குடுக்க எவ்வளவு நாள் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா அவனுக்கு ஏதோ கொறையுதுன்னு அவனுக்கே தெரியாது, ரிசல்ட் ஷீட் அவன்ட்ட "நல்லா பண்ணியிருக்க"ன்னு சொல்லிடுச்சு.

இது என் தனிப்பட்ட எரிச்சல்னு நெனைச்சுடாதீங்க. டொரன்டோவுல பிரயன் ஹாட்ஜஸும் கூட இருந்தவங்களும் 1999-ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. ஸ்டூடன்ட்ஸ், ட்ரெய்னிங்ல இருக்கிற ரெசிடன்ட்ஸ், அனுபவமுள்ள டாக்டர்ஸ் மூணு கூட்டத்தையும் ஒரே சைக்கியாட்ரி ஆஸ்கியில ஒக்கார வச்சாங்க. செக்லிஸ்ட் மார்க்ல அனுபவமுள்ள டாக்டர்ஸ் மேல வரல, கீழதான் போனாங்க. ஏன்னா பழுத்த டாக்டர் எல்லா கேள்வியையும் வரிசையா கேக்க மாட்டார், ரெண்டு கேள்வியில எங்க போகணும்னு அவருக்குத் தெரிஞ்சுடும். செக்லிஸ்ட் எண்ணுறது கேட்ட கேள்விய, அவர் பண்ற வேலையோ தேவையில்லாத கேள்விய கேக்காம விடறது. மொத்தமா பாத்து ஒரு மதிப்பீடு குடுங்கன்னு எக்ஸாமினர்ட்ட கேட்டா மட்டும் அனுபவம் சரியான பக்கம் வந்து நின்னுச்சு.

அதுக்கப்புறம் நெறைய எடத்துல ரெண்டும் சேத்து வைக்க ஆரம்பிச்சாங்க. செக்லிஸ்டும் உண்டு, கடைசியில "மொத்தத்துல இவர் எப்படி"ன்னு ஒரு கட்டமும் உண்டு: ஃபெயில், பார்டர்லைன், பாஸ், நல்லா பண்ணார், அந்த மாதிரி. பார்டர்லைன் ரெக்ரஷன்னு ஒரு முறை இருக்கு, எல்லாரோட செக்லிஸ்ட் மார்க்கையும் இந்த மொத்த மதிப்பீட்டையும் கோடு போட்டு பொருத்தி, பார்டர்லைன்ல இருக்கிற பையன் சராசரியா எவ்வளவு வாங்குவானோ அதையே பாஸ் மார்க்கா வச்சுக்குவாங்க. கஷ்டமான ஸ்டேஷனுக்கு பாஸ் மார்க் தானா எறங்கும், சுலபமானதுக்கு ஏறும். அம்பது பர்சென்ட்னா பாஸுன்னு கண்ண மூடிகிட்டு வைக்கிறத விட இது எவ்வளவோ மேல். எத்தனையோ டிபார்ட்மென்ட் இன்னும் அந்த அம்பதுலயே நிக்குது, கேட்டா "எப்பவும் இப்படித்தான்"ம்பாங்க.

எக்ஸாமினர்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. கறார் பேர்வழி, தாராளப் பேர்வழி ரெண்டு வகை எல்லா டிபார்ட்மென்ட்லயும் உண்டு, பசங்க "அவர் ரூம்ல மாட்டினா முடிஞ்சது"ன்னு முன்னாடியே லிஸ்ட் வச்சிருப்பாங்க. இவங்கள சரி பண்ண ட்ரெய்னிங் குடுத்தாலும் ஓரளவுதான் மாறுவாங்க, ஒருத்தரோட கறார்த்தனம் ஒட்டிகிட்டே இருக்கும். நெறைய ஸ்டேஷன், நெறைய எக்ஸாமினர் வச்சா ஒருத்தரோட கறார இன்னொருத்தரோட தாராளம் அடிச்சுடும். இதுக்கு மேல பெரிய மந்திரம் ஒன்னும் இல்ல. அதைவிட எனக்கு பெரிய பிரச்சனையா தெரியறது வாய மூட முடியாத எக்ஸாமினர். பையன் தடுமாறினா "அப்புறம்... வேற என்ன கேக்கணும்... ம்?"னு எடுத்துக் குடுப்பார். நல்ல மனசுதான், ஆனா அடுத்த ஸ்டூடன்ட்டுக்கு அந்த ம் கெடைக்காதே.

இப்ப கம்யூனிகேஷன். இங்கதான் நாடகம்ங்கிற குத்தச்சாட்டு ரொம்ப வலுவா நிக்குது.

கெட்ட செய்தி சொல்ற ஸ்டேஷனுக்கு பசங்க எல்லாரும் ஸ்பைக்ஸ்னு ஒரு ஆறு படி முறைய மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. 2000-ல வால்டர் பெய்லும் ராபர்ட் பக்மேனும் இன்னும் சிலரும் சேந்து, கேன்சர் நோயாளிகள்ட்ட பேசுறதுக்காக எழுதினது. எடத்த தயார் பண்ணு, அவங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு கேளு, எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறாங்கன்னு கேளு, விஷயத்த சொல்லு, அவங்க உணர்ச்சிய கவனி, அடுத்து என்னன்னு பேசு. அருமையான முறை, நானே சொல்லித் தர்றேன். ஆனா ஸ்டேஷன்ல என்ன நடக்கும்னா இப்படி நடக்கும்:

"உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுதும்மா."

"எனக்கு ஒன்னும் புரியல டாக்டர். கட்டின்னா... கேன்சரா?"

"உங்க உணர்வுகள் எனக்குப் புரியுதும்மா. டிஷ்யூ பேப்பர் வேணுமா?"

அவங்க அழவே இல்ல. கேள்வி கேட்டுகிட்டிருக்காங்க. நேரான கேள்வி, ஆமா இல்லன்னு சொல்ல வேண்டிய கேள்வி. ஆனா செக்லிஸ்ட்ல "அனுதாபம் காட்டினாரா" ஒரு வரி, "டிஷ்யூ பேப்பர் அல்லது தண்ணீர் கொடுத்தாரா" ஒரு வரி, ரெண்டும் ஆச்சு, ரெண்டு டிக். கேன்சரான்னு கேட்டவங்க இன்னும் காத்துகிட்டிருக்காங்க. பெல் அடிச்சுடுது.

பையன குறை சொல்ல மனசு வரல. நாம எத எண்ணுறோமோ அதத்தான் அவன் பண்ணுவான், எந்த ஊர் எந்த காலேஜா இருந்தாலும் பரீட்சை எங்க போகுதோ படிப்பு அதுக்குப் பின்னாடிதான் போகும். நெதர்லாந்துல வான் டெர் வ்ளூட்டன்னு ஒருத்தர், மெடிக்கல் எக்ஸாம்களப் பத்தி அதிகமா யோசிச்சவங்கள்ல முக்கியமானவர், 1996-ல ஒரு எக்ஸாமோட பயன ஒரு கணக்கா எழுதினார்: நம்பகத்தன்மை, அளக்க வேண்டியதத்தான் அளக்குதாங்கிறது, படிப்பு மேல அதோட பாதிப்பு, சம்பந்தப்பட்டவங்க ஏத்துக்கிறாங்களாங்கிறது, செலவு. இத கூட்டல அவர், பெருக்கினார். பெருக்கல்ல ஒன்னு சைபர் ஆனா மொத்தமும் சைபர். எவ்வளவு நம்பகமான எக்ஸாமா இருந்தாலும், பசங்கள டிஷ்யூ பேப்பர் நீட்டுற மெஷின் ஆக்குச்சுன்னா கணக்கு எங்க போய் நிக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

அப்ப கம்யூனிகேஷன அளக்கவே முடியாதா, விட்டுடலாமான்னு சில சீனியர்ஸ் கேப்பாங்க. "நல்லா பேசுறது பொறவியிலயே வரணும், அத போய் எக்ஸாம் வச்சுகிட்டு"ன்னு ஒரு இழுவை இழுப்பாங்க. இவங்களுக்கு நான் ரெண்டு விஷயம் சொல்லுவேன்.

ஒன்னு, காது குடுத்து கேக்குறதுன்னா என்னன்னு நம்ம யாருக்கும் சரியா தெரியாது. 1984-ல பெக்மேன், ஃப்ராங்கல்னு ரெண்டு பேர் கன்சல்டேஷன்கள ரெக்கார்ட் பண்ணிப் பாத்தாங்க, நோயாளி வந்து உக்காந்து பேச ஆரம்பிச்சதும் டாக்டர் குறுக்க விழ சராசரியா 18 செகண்ட்தான் ஆச்சு. 1999-ல வேற ஒரு குழு பாத்தப்ப 23 செகண்ட், பதினஞ்சு வருஷத்துல அஞ்சு செகண்ட் முன்னேற்றம். ஏன் இப்படின்னு டாக்டர்ஸ கேட்டா "விட்டா பேசிகிட்டே இருப்பாங்க, வெளிய அம்பது பேர் நிக்குறாங்க"ம்பாங்க. சரி, விட்டா எவ்வளவு நேரம்தான் பேசுவாங்கன்னு சுவிட்சர்லாந்துல அளந்து பாத்துட்டாங்க. குறுக்க பேசாதீங்கன்னு டாக்டர்ஸ்ட்ட சொல்லி வச்சுட்டு, ஸ்டாப்வாட்ச்ல பாத்தா சராசரி 92 செகண்ட். பத்துல ஏறக்குறைய எட்டு பேர் ரெண்டு நிமிஷத்துக்குள்ள தானாவே நிறுத்திட்டாங்க. 2002-ல வந்த ஆராய்ச்சி. பேசாம இருக்கிறது பொறவிக் கொடை ஒன்னும் இல்ல, பழகிக்கலாம், அளக்கவும் செய்யலாம். என்ட்ட விட்டா ஹிஸ்டரி ஸ்டேஷன்ல ஒரே ஒரு வரி சேப்பேன்: மொதல் கேள்விக்கு நோயாளி சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்தாரா. அதுக்கு மட்டும் டபுள் மார்க்.

ரெண்டாவது, இந்த மார்க் வெறும் மார்க் இல்ல. கனடாவுல லைசென்ஸ் எக்ஸாம்ல கிளினிக்கல் ஸ்கில்ஸ் பகுதி ஒன்னு 2021 வரைக்கும் இருந்தது. ராபின் டாம்ப்ளினும் கூட இருந்தவங்களும் 2007-ல ஜாமா ஜர்னல்ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. 1993-லேர்ந்து 1996 வரைக்கும் அந்த எக்ஸாம் எழுதி ஒன்டாரியோ, க்யுபெக்ல ப்ராக்டிஸ் பண்ண போன 3424 டாக்டர்ஸ பல வருஷம் பின்தொடர்ந்து, அவங்க மேல மெடிக்கல் கவுன்சிலுக்கு வந்த புகார்கள பாத்தாங்க. எக்ஸாம்ல நோயாளிட்ட பேசுற பகுதியில கம்மி மார்க் வாங்கினவங்க மேல புகார் ஜாஸ்தி வந்திருந்தது. சில நிமிஷ ஸ்டேஷன்கள்ல தெரிஞ்ச ஒன்னு, வருஷக்கணக்கா கழிச்சும் அந்த ஆளோட கூடவே போயிருக்கு. எனக்கு இத படிச்சப்ப கொஞ்சம் பயமாவே இருந்தது, ஏன்னா நாம பார்டர்லைன்னு போட்டு தள்ளிவிட்ட பசங்கள நெனைச்சா.

நேர்மாறா ஒரு கதையும் உண்டு, அமெரிக்காவுல. அங்க டாக்டர் லைசென்ஸுக்கு எழுதுற யூஎஸ்எம்எல்இல ஸ்டெப் 2 சிஎஸ்னு (கிளினிக்கல் ஸ்கில்ஸ்) ஒரு எக்ஸாம் 2004-லேர்ந்து இருந்தது. பன்னெண்டு எஸ்பி, ஒவ்வொருத்தர்ட்டயும் பதினஞ்சு நிமிஷம், அப்புறம் நோட் எழுத பத்து நிமிஷம். நாடு பூரா அஞ்சே ஊர்லதான் நடத்தினாங்க, ஃபீஸே ஆயிரம் டாலருக்கு மேல, ஃப்ளைட் ஹோட்டல் தனி. அமெரிக்க காலேஜ்ல படிச்சவங்க பெரும்பாலானவங்க மொதல் தடவையே பாஸ் ஆயிடுவாங்க, ஃபீட்பேக்னு உருப்படியா ஒன்னும் வராது, பாஸ் ஃபெயில் மட்டும்தான். ஸ்டூடன்ட்ஸ் ரொம்ப நாளா எதிர்த்துகிட்டிருந்தாங்க. 2020 மார்ச்ல கோவிட்னால நிறுத்தினாங்க, 2021 ஜனவரியில இனிமே கெடையவே கெடையாதுன்னு அறிவிச்சுட்டாங்க. பல பேர் கொண்டாடினாங்க. நான் பாதி கொண்டாடினேன். செலவும் அலைச்சலும் அநியாயம்தான், ஆனா அந்த எக்ஸாம் இருந்த பயத்துல காலேஜ்கள் எஸ்பி ப்ரோக்ராம் நடத்தி, பசங்கள உக்கார வச்சு பாத்துகிட்டிருந்தாங்க. பயம் போனப்புறம் எத்தனை காலேஜ் அதே அக்கறையோட பாக்கும்?

ஆரம்பத்துல ரெண்டு பேரும் விட்டுட்ற விஷயம்னு ஒன்னு சொன்னேன்ல, இங்கதான் அது இருக்கு. ஆஸ்கியில ஒரு ஸ்டூடன்ட்ட எட்டு நிமிஷம் யாரோ ஒருத்தர் கண்கொட்டாம பாக்குறாங்க. வார்டுல? ரவுண்ட்ஸ்ல பையன் கேஸ் ப்ரெசென்ட் பண்ணுவான், நாம கேப்போம், எக்ஸ்ரேய பாப்போம், லேப் வேல்யூவ கேப்போம். அவன் அந்த நோயாளிட்ட எப்படி பேசினான், எப்படி தொட்டான்னு யாரு பாத்தது? வருஷக்கணக்கா வார்டுல இருந்துட்டு, ஒரே ஒரு சீனியர் கூட முழுசா ஒரு ஹிஸ்டரி எடுக்கிறத பக்கத்துல நின்னு பாத்ததில்லன்னு சொல்ற பசங்க எல்லா நாட்டுலயும் இருக்காங்க. அப்புறம் எக்ஸாம் அன்னிக்கு மொதல் தடவையா ஒருத்தர் பாக்கும்போது அவன் நடிக்காம வேற என்ன பண்ணுவான்? நடிப்பா தெரியுதுன்னு ஆஸ்கிய திட்டி ப்ரயோஜனம் இல்ல, மத்த நாளெல்லாம் பாக்காம விட்டது நாம.

ஜார்ஜ் மில்லர்னு ஒருத்தர் 1990-ல ஒரு பிரமிட் வரைஞ்சார், மெடிக்கல் எஜுகேஷன்ல இருக்கிறவங்க எல்லாரும் ஸ்லைடுல போட்டுப் போட்டு தேஞ்சே போச்சு. அடியில தெரியுமா, அதுக்கு மேல எப்படின்னு தெரியுமா, அதுக்கு மேல செஞ்சு காட்ட முடியுமா, உச்சியில நெஜத்துல செய்றாரா. ஆஸ்கி மூணாவது படி. உச்சிக்கு போகணும்னா நெஜ நோயாளி, நெஜ வார்டு, நெஜ அவசரம். அதுக்கும் கருவி இல்லாம இல்ல. ஜான் நார்சினி குழு 1995-ல கொண்டு வந்த மினி சி-இ-எக்ஸ் இருக்கு: ஒரு பதினஞ்சு இருவது நிமிஷம் பக்கத்துல நின்னு பாரு, ஒரு சின்ன ஃபார்ம்ல மார்க் போடு, அங்கயே ரெண்டு வார்த்தை ஃபீட்பேக் சொல்லு. அவ்வளவுதான். பல தடவ, பல பேர் பாத்தா நம்பகத்தன்மையும் வந்துடும். 

ஆனா நடைமுறையில அதையும் கெடுத்து வச்சிருக்கோம். மாசக் கடைசியில பையன் ஃபார்ம் கட்டோட வருவான், "சார் கையெழுத்து மட்டும்". நாம யாரையும் பாத்திருக்க மாட்டோம், எல்லாத்துலயும் ஏழு, எட்டுன்னு போட்டு, கமென்ட்ஸ்ல "குட், கீப் இட் அப்"னு எழுதி குடுத்துடுவோம். மூஞ்சிக்கு நேரா கம்மி மார்க் போட யாருக்கும் மனசு வராது, அடுத்த நாளும் அவனோடதான் வேலை பாக்கணும். இதுக்கு எனக்கு உதவுறது ஓலே டென் காட்டே 2005-ல ஆரம்பிச்சு வச்ச யோசனை, மார்க்குக்கு பதிலா நம்பி விடுறதப் பத்தி கேக்குறது. பத்துக்கு எத்தனைன்னு கேட்டா பொய் சொல்லுவோம். "இன்னிக்கு ராத்திரி டூட்டில இந்த வேலைய இவன்ட்ட தனியா விட்டுட்டு நீ தூங்குவியா"ன்னு கேட்டா பொய் வராது. உடம்பே பதில் சொல்லிடும். தூங்க மாட்டேன்னா ஏன்னு யோசிப்போம் பாருங்க, அதுதான் அவனுக்கு சொல்ல வேண்டிய ஃபீட்பேக்.

எஸ்பிகள்ட்டயும் நான் மார்க்க விட இந்த மாதிரி ஒரு கேள்விதான் கேக்கச் சொல்லுவேன்: "திரும்ப இவர்ட்டயே வருவீங்களா?" அவங்க நாள் முழுக்க அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து அதே வலிய அதே வார்த்தையில சொல்லி, இத்தனை பசங்களோட கைய வாங்கிகிட்டவங்க. எக்ஸாமினர் பாக்காதத அவங்க பாத்திருப்பாங்க. "அந்தப் பையன் நல்லாத்தான் கேட்டான், ஆனா நான் பதில் சொல்றப்ப அடுத்த கேள்விய மனசுல ரெடி பண்ணிகிட்டிருந்தான், கண்ணுல தெரிஞ்சது"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. எந்த செக்லிஸ்ட்ல இத எழுதுறது? எழுத முடியாது, ஆனா அந்தப் பையன்ட்ட சொல்லலாம். சொன்னோம். மொகம் செவந்து போச்சு, ஆனா புரிஞ்சுகிட்டான்.

கடைசியா, எப்பவும் மீட்டிங்ல சண்டை வர்ற ஒரு விஷயம். மத்த ஸ்டேஷன் எல்லாத்துலயும் பிரமாதமா பண்ணி, பேசுற ஸ்டேஷன்கள்ல மட்டும் விழுந்த பையன என்ன பண்றது? மொத்த மார்க்க கூட்டினா அவன் ஜோரா பாஸ். "ஈசிஜி அவ்வளவு அழகா படிக்கிறான், இதுக்குப் போய் ஒரு வருஷம் வேஸ்ட் பண்ணணுமா"ம்பாங்க. தலைகீழா ஒருத்தி இருந்தா, நோயாளிட்ட தேனா பேசுறா, ஆனா ஹார்ட் சவுண்ட் ஒன்னும் கேக்கல, அவள பாஸ் போடுவீங்களான்னு கேட்டா ஒடனே எல்லாரும் "அது எப்படி, ஆபத்து"ம்பாங்க. அப்ப இதுவும் ஆபத்துதானே. ஸ்டெப் 2 சிஎஸ்ல எனக்குப் பிடிச்ச ஒரே விஷயம், அதுல பேசுற பகுதிக்கு தனி பாஸ், கிளினிக்கல் பகுதிக்கு தனி பாஸ், ஒன்னுல வாங்கினத வச்சு இன்னொன்ன ஈடுகட்ட முடியாது. எங்களுக்கும் அப்படி பிரிச்சு வைங்கன்னு நான் கேட்டுகிட்டே இருக்கேன், ஃபெயில் ஆனா வருஷம் எல்லாம் போக வேண்டாம், ரெண்டு மாசம் வார்டுல ஒருத்தர் கூட நின்னு பாத்து, திருத்தி, திரும்ப எக்ஸாம் வைங்கன்னு. "கூட நிக்கிறதுக்கு ஆள் எங்க இருக்கு"ன்னு கேட்டாங்க. நான் என் பேர குடுத்திருக்கேன். இன்னும் நாலு பேராவது வேணும்.